உங்களுக்குத் தெரியுமா? இரணைதீவுக் கடலில் விழுந்த லயன் எயார்

1990களின் பிற்பாதியில் யாழ்ப்பாணத்தார் கொழும்பு போக இரண்டே வழிதான்: திருகோணமலைக்குக் கப்பல், இல்லையேல் பலாலியிலிருந்து விமானம். தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி போரால் மூடிக்கிடந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த சிறு நிறுவனங்களில் ஒன்று லயன் எயார்.

அது ஓட்டியது பெலாரஸின் கோமெலாவியா விமான நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த அன்ரனோவ்-24ஆர்வி. கரடுமுரடான ஓடுபாதையிலும் இறங்கக்கூடிய சோவியத் விமானம். இரண்டு உந்திகள் போதாதென்று, வலப்பக்க இயந்திரக் கூட்டுக்குள் ஒரு குட்டி ஜெட்டும் இருக்கும்.

1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானைக்குக் கிளம்பி ஏறக்குறையப் பத்து நிமிடத்தில், மன்னார்க் கரைக்கு வடக்கே அது ராடரிலிருந்து மறைந்தது. பயணிகள் 48, பணியாளர் 7, ஒருவரும் தப்பவில்லை. விடுதலைப் புலிகளின் ஏவுகணையே காரணம் என்று கருதப்படுகிறது. பொதுமக்களுக்கான யாழ்ப்பாண விமானச் சேவை அத்தோடு நின்றது. சனம் மறுபடியும் கப்பலையே நம்பியது.

விமானம் எங்கே விழுந்தது என்பது தெரிய 14 ஆண்டுகள் ஆயின. 2012இல், கைதான முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் சொன்ன தகவலை வைத்து, இரணைதீவுக்கு அருகே கடற்படைச் சுழியோடிகள் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். மீட்ட உடைகளை 2014 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைத்தார்கள். இவ்வளவு தாமதமாகவேனும் அதைச் செய்தது சரியே.

உள்நாட்டுச் சேவைக்கு 2002 போர்நிறுத்தம்தான் மறுபடி வழிவிட்டது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. அடுத்த மாதமே சென்னைக்கான சேவை தொடங்கியது.