அனுமதிக்கு முன்பே கேட்போம்: புக்கிட் மேரா தரும் பாடம்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவை நெருங்கும்போது, பாதி வெட்டப்பட்டு வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எங்கள் சிம்பாங் பூலாய். இந்தக் கல்குவாரிகள் பலருக்குச் சோறு போடுகின்றன. லாரிகள் ஓயாமல் ஓடும் நாள்களில், எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிகளில் வெண்தூசியும் படிகிறது.

சுரங்கமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். வீடு கட்டச் சிமெண்ட் வேண்டும்; கைப்பேசிக்குக் கனிமம் வேண்டும். ஆனால் அனுமதியை யார் தருகிறார்கள்? எதைப் பார்த்துத் தருகிறார்கள்? பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கான பாடம் எங்கள் வட்டாரத்திலேயே, லாஹாட்டை அடுத்த புக்கிட் மேராவில் இருக்கிறது.

ஆலை முதலில், சட்டம் பிறகு

கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் மணலை ‘அமாங்’ என்பார்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமம் பங்கு வகித்த ஏசியன் ரேர் எர்த் நிறுவனம், மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலையை 1982இல் புக்கிட் மேராவில் இயக்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது.

அணுசக்தி உரிமச் சட்டம் வந்தது 1984இல். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமானது 1988 ஏப்ரலில். ஆலை வந்த பிறகே சட்டங்கள் வந்தன!

கழிவைக் கொட்டப் பாப்பானைத் தேர்ந்தெடுத்தபோது, 1984இல் அவ்வூர் மக்கள் எதிர்த்துத் திரண்டனர். 1985இல் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அது சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: மக்கள் முதலில் அணுசக்தி உரிம வாரியத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பதே அது. அதாவது, உரிமம் தரும் வாரியத்திடமே உரிமத்தை நீக்கக் கேட்க வேண்டும்!

வழக்கில் வென்ற நிறுவனம் 1994 ஜனவரியில் தானாகவே ஆலையை மூடியது. பிறகு கழிவை அகற்றி, கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்க வேண்டியிருந்தது. அதற்குச் சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவானதாக 2011இல் செய்தி வெளியானது.

இன்று ஏன் பேச வேண்டும்?

மின்சாரக் கார்களுக்கும் காற்றாலைகளுக்கும் அரிய மண் தேவை. பேராக்கின் கெனெரிங்கில் 2022இல் இதற்கான முன்னோடித் திட்டம் தொடங்கியது. இங்கு முறை வேறு: மலையில் துளையிட்டு, அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்திக் கனிமத்தைக் கரைத்தெடுக்கிறார்கள். புக்கிட் மேராவைப் போல் பெரும் தோரியக் கழிவு இதில் சேராது. ஆனால் கரைசல் கசிந்தால் நீர்நிலைகள் பாதிக்கப்படலாம். எனவே கண்காணிப்பு அவசியம்.

நிலம் மாநில அரசின் அதிகாரம். சுற்றுச்சூழல் சட்டமோ மத்திய அரசுடையது. ஒரு சுரங்கத்தில் இரு தரப்புக்கும் பங்கு இருப்பதால், புகார் செய்ய எங்கே போவது என்று சாதாரண மக்கள் குழம்புகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களின் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைச் சுற்றுச்சூழல் துறை பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறது. அந்த அறிக்கைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிக்கு அவை எட்டாது. நமக்கு எட்டும். நீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், கழிவு எங்கே போகிறது, வேலை முடிந்ததும் நிலத்தைச் சீரமைக்கப் பணம் யார் தருவார் என்ற மூன்றையும் அதில் தேடிப் படியுங்கள். வீட்டில் தமிழில் விளக்குங்கள். கெடு முடிவதற்குள் குடும்பத்தின் கருத்தை எழுதி அனுப்புங்கள்.

புக்கிட் மேரா மக்களுக்கு ஆலை வந்த பிறகே வழக்காட முடிந்தது. நமக்கோ, அது வருவதற்கு முன்பே கேள்வி கேட்க வழி இருக்கிறது.