மின்கம்பி வழியே வலையமைப்பு: ஒரு லினக்ஸ் இயக்கியைப் படித்துப் பார்ப்போம்

சிங்கவரத்துக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தப் பாறை நினைவிருக்கும். பல்லவர் காலத்தில் குன்றையே குடைந்து அரங்கநாதரைப் பள்ளிகொள்ளச் செய்த இடம். செஞ்சி வட்டாரம் முழுக்கவே கல்தான். கல் சுவர் கனமாக இருக்கும் கட்டடங்களில் பக்கத்து அறை வைஃபை இந்த அறைக்குச் சரியாக எட்டாது. ஆனால் மின்கம்பி அந்தச் சுவரை ஏற்கெனவே துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கம்பியிலேயே தரவையும் அனுப்பினால் என்ன?

இது புது யோசனை அல்ல. உயர் அழுத்தத் துணை மின்நிலையங்களின் பக்கம் போகும்போது, கம்பிகள் உள்ளே நுழையும் இடத்தில் பீப்பாய் போன்ற பெரிய கம்பிச்சுருள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மின்வாரியங்கள் பல ஆண்டுகளாக மின்தடங்களிலேயே பேச்சையும் பாதுகாப்புச் சமிக்ஞைகளையும் அனுப்பி வருகின்றன. அந்த உயர் அதிர்வெண் சமிக்ஞை நிலையத்துக்குள் புகுந்து வீணாகாமல் தடுப்பதே அந்தச் சுருளின் வேலை. வீட்டிலும் இதே தத்துவம்தான். 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதன் மேல் மெகாஹெர்ட்ஸ் அளவிலான சின்ன அலைகளை ஏற்றி அனுப்பினால், மறுமுனையில் வடிகட்டிப் பிரித்துவிடலாம். 2001இல் வந்த ஹோம்பிளக் 1.0 என்ற தரநிலை இப்படி நொடிக்கு 14 மெகாபிட் வரை அனுப்ப வழி செய்தது.

இதற்கான கருவியைச் சுவரில் உள்ள பிளக்கில் செருக வேண்டும். சில மாதிரிகளில் கணினிக்குச் செல்லும் இணைப்பு யுஎஸ்பி வழியாக இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. யுஎஸ்பியில் எதைச் செருகினாலும் அதனுடன் பேசத் தெரிந்த ஓர் இயக்கி மென்பொருள் கணினியில் இருக்க வேண்டும். கருவியுடன் வரும் குறுந்தகட்டில் விண்டோஸுக்கான இயக்கி மட்டும் இருந்தால், லினக்ஸ் கணினியில் அந்தக் கருவி வெறும் பிளாஸ்டிக் பெட்டிதான். நம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்தது. 'சார், இது லினக்ஸில் வராது' என்ற பேச்சு நமக்குப் பழக்கமானதே.

'வராது' என்பதை 'வரும்' என்று மாற்றுவது யார், எப்படி? இதைப் பலரும் மந்திரம் போல நினைக்கிறார்கள். நடந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

இன்டெலான் என்ற அமெரிக்க நிறுவனம் ஐஎன்டி51எக்ஸ்1 என்ற சில்லைத் தயாரித்தது. ஜெர்மனியின் டெவோலோ நிறுவனத்தின் 'டிலான் டுவோ' கருவிக்குள் இருப்பது அந்தச் சில்லுதான். 2009இல் தன்னார்வலர் ஒருவர் இதற்கான இயக்கியை எழுதி லினக்ஸ் கர்னலில் சேர்த்தார். கோப்பின் பெயர் இன்ட்51எக்ஸ்1.சி. மொத்தம் சுமார் 250 வரிகள். நம் பதினொன்றாம் வகுப்பு செய்முறைப் பயிற்சிகள் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்த அளவு. கோப்பின் தலைப்பில் அவர் இரண்டு செய்திகளை எழுதி வைத்திருக்கிறார். சில்லின் தரவுத்தாள் எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. தனக்கு முன் இன்னொருவர் செய்த வேலையை அடிப்படையாகக் கொண்டே இதை எழுதியதாக, அவர் பெயருடன் ஒப்புக்கொண்டது மற்றொன்று. செயல்திட்டக் குறிப்பேட்டில் 'எங்கிருந்து எடுத்தாய்?' என்று நாம் கேட்கும்போது மாணவர்களுக்குக் காட்டத் தகுந்த வரி இது.

250 வரிகளில் எப்படி முடிந்தது? லினக்ஸில் யுஎஸ்பிநெட் என்ற பொதுச் சட்டகம் முன்பே இருந்தது. பொட்டலத்தை வரிசையில் வைப்பது, அனுப்புவது, பிழை வந்தால் கவனிப்பது, கருவியைப் பிடுங்கினால் ஒழுங்காக விலகுவது எல்லாம் அதன் பொறுப்பு. புது இயக்கி எழுதுபவர், தன் கருவி மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதை மட்டும் எழுதினால் போதும்.

முதல் வேறுபாடு அடையாளம். ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் செருகியவுடன் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்ற இரண்டைச் சொல்லும். இந்தக் கருவி சொல்வது 09இ1, 5121. இரண்டும் பதினாறு நிலை எண்கள். இயக்கியின் அட்டவணையில் இந்த இணை இருந்தால் கர்னல் இந்த இயக்கியை அழைக்கும். வருகைப்பதிவேடு போலத்தான்.

இரண்டாவது வேறுபாடுதான் விஷயத்தின் மையம். வலையமைப்புத் தரவைக் கருவிக்கு அனுப்பும்போது, அதற்கு முன்னால் இரண்டு பைட்டில் 'இத்தனை பைட் வருகிறது' என்று நீளத்தை எழுத வேண்டும். ஈதர்நெட் பொட்டலத்தின் பெரிய அளவு 1514 பைட். இதைப் பதினாறு நிலையில் எழுதினால் 05இஏ. ஆனால் கருவிக்குப் போகும் வரிசை இஏ, 05. சிறிய பகுதி முதலில். பதினொன்றாம் வகுப்பின் எண் முறைப் பாடத்தில் 'இதைக் கற்று என்ன பயன்?' என்று ஒரு மாணவியாவது கேட்பாள். இரண்டு பைட்டையும் இடம் மாற்றி அனுப்பினால் கருவி 1514ஐ 59,909 என்று படிக்கும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

கருவியிலிருந்து தரவு வரும்போது அதே நீளம் முன்னால் இருப்பதில்லை. கடைசி இரண்டு பைட்டில் வருகிறது. முதன்முறை படித்தபோது தவறாகப் பார்த்துவிட்டேனோ என்று திரும்பவும் பார்த்தேன். கம்பியிலிருந்து வரும் பொட்டலத்தை முழுதாக வாங்கிய பிறகுதான் அதன் நீளம் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால், கடைசியில் எழுதுவது இயல்பாகவே படுகிறது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். முழுவேக யுஎஸ்பியில் மொத்தத் தரவு 64 பைட் துண்டுகளாகப் போகிறது. 64க்குக் குறைவான துண்டு வந்தால், பொட்டலம் முடிந்தது என்று பொருள். தரவின் நீளம் சரியாக 64இன் மடங்காக இருந்தால்? கடைசித் துண்டும் முழுத் துண்டு. பெறுபவர் இன்னும் வரும் என்று காத்திருப்பார். இதற்கு வழக்கமான தீர்வு, வெறும் துண்டு ஒன்றை அனுப்புவது. இந்த இயக்கி வேறு வழியில் போகிறது. 126 பைட் பொட்டலத்துடன் நீளத்துக்கான 2 பைட் சேர்ந்து 128 ஆகிறதா? இன்னொரு பைட்டைச் சேர்த்து 129 ஆக்கிவிடு. முன்னால் எழுதும் நீளத்தையும் மறக்காமல் 127 என்று திருத்து. அந்தக் கடைசித் திருத்தம் எதற்கு என்று நிரலிலேயே குறிப்பும் எழுதியிருக்கிறார்.

இதைக் கணினி இல்லாமல் நான்காம் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். ஒரு குழந்தையிடம் சொல் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, ஐந்து ஐந்தாக நண்பனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்துக்குக் குறைவாக வந்தால் வாக்கியம் முடிந்தது என்பது விதி. ஏழு சீட்டு, பன்னிரண்டு சீட்டு எல்லாம் நன்றாகவே போகும். பத்துச் சீட்டு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பெறும் குழந்தை கை நீட்டியபடியே நிற்கும். 'முடிஞ்சிடுச்சுடா' என்று வாயால் சொல்லக் கூடாது. என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேளுங்கள். வெறுங்கையை நீட்டலாம் என்ற விடையும், வெற்றுச் சீட்டு ஒன்றைச் சேர்க்கலாம் என்ற விடையும் கிடைக்கக்கூடும். இரண்டுமே பொறியாளர்கள் கண்ட தீர்வுகள்.

மீதமுள்ளவை சிறியவை. நீளத்துக்கான 2 பைட்டையும் சேர்த்து 64 பைட்டுக்குக் குறைந்த பொட்டலத்தை நிரப்பிப் பெரிதாக்க வேண்டும். கருவியின் வன்பொருள் முகவரியை அதனிடமே கேட்டு வாங்க வேண்டும். எந்த வகைப் பொட்டலங்கள் வேண்டும் என்று கருவிக்குச் சொல்ல வேண்டும். தரவுத்தாள் கிடைக்காத கருவி என்றால் உழைப்பு கூடும். இயங்கும் கணினியில் யுஎஸ்பி வழியே போகும் பைட்டுகளைப் பதிவு செய்து, தெரிந்த தரவை அனுப்பி, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று ஒப்பிட வேண்டும். லினக்ஸில் யுஎஸ்பிமான், வயர்ஷார்க் ஆகிய இலவசக் கருவிகள் இதற்கு உதவும். அறிவியல் ஆசிரியர்களுக்கு இந்த முறையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுப் பள்ளிக்காக இந்தப் பழைய கருவியைத் தேடி வாங்க வேண்டாம். 14 மெகாபிட் இன்று போதாது. கணினிகள் யுபிஎஸ் வழியாக மின்சாரம் பெறும் ஆய்வகத்தில் மின்கம்பி வலையமைப்பு பெரும்பாலும் சரியாக வேலை செய்யாது. யுபிஎஸ் இந்தச் சின்ன அலைகளைத் தடுத்துவிடும். மும்முனை இணைப்பில் இரு அறைகள் வெவ்வேறு ஃபேஸில் இருந்தாலும் சமிக்ஞை நலிந்துவிடும். சுவரில் செருகும் எந்தப் பெட்டியையும் மாணவர்கள் திறக்க விடக் கூடாது. உள்ளே இருப்பது 230 வோல்ட்.

அப்படியானால் இந்த இயக்கியைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? இன்டெலானை 2009இலேயே ஏதெரோஸ் வாங்கியது; 2011இல் ஏதெரோஸை குவால்காம் வாங்கியது. சில்லின் மேல் அச்சிட்ட நிறுவனப் பெயர் இன்று சந்தையில் இல்லை. ஆனால் இயக்கியின் மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் கர்னலில் இருந்ததால், கர்னல் மாறும்போதெல்லாம் அதைப் பராமரிப்பவர்கள் இதையும் திருத்திக்கொண்டே வந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும் அந்தப் பெட்டி அதனால்தான் இன்னும் குப்பைக்குப் போகாமல் இருக்கிறது.

கர்னலின் மூல நிரலைப் பதிவிறக்கினால், டிரைவர்ஸ் கோப்புறைக்குள் நெட், அதற்குள் யுஎஸ்பி என்ற வரிசையில் இந்தக் கோப்பு இருக்கும். சி++ கற்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு அந்தச் சி நிரலின் அமைப்பு அந்நியமாக இராது. ஹைடெக் ஆய்வகத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கி, அச்செடுத்த நான்கைந்து தாள்களைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள். 'நீளம் எங்கே எழுதப்படுகிறது, எங்கே படிக்கப்படுகிறது, பென்சிலால் வட்டமிடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். விழுப்புரம் மாவட்ட ஆசிரியர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வ அமைப்பு மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி அளிக்கிறது. மாணவர்கள் வட்டமிட்ட தாள்களுடனும் அவற்றிலிருந்து எழுந்த கேள்விகளுடனும் அவர்களை அணுகலாம்.