உயரழுத்த மின்தாக்கமும் மனித உடலும்: நியூயோர்க் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

மின்சாரம் மனிதரை எவ்வாறு கொல்கிறது என்ற வினா உடற்றொழிலியலுக்கு மட்டுமே உரியதெனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், அவ்வினா பொதுமக்கள் மத்தியிற் பெரும் விவாதமாக எழுந்த சூழலை நோக்குமிடத்து, விடை தேடப்பட்ட முறையையே சந்தைப் போட்டி நிர்ணயித்திருந்தமை புலனாகும். 1888 முதல் 1890 வரையிலான நியூயோர்க் நிகழ்வுகளை முன்வைத்து, உயரழுத்த மின் உடலில் விளைவிப்பன யாவை, அவ்வறிவு யாருடைய இழப்பிலிருந்து பிறந்தது ஆகிய இரண்டையும் இங்கு நோக்குவோம்.

அக்காலத்தில் எடிசனின் நிறுவனம் ஏறத்தாழ 110 வோல்ற்று நேரோட்டத்தை விற்றது. வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனமோ 1000 வோல்ற்று அளவிலான ஆடலோட்டத்தைத் தொலைதூரம் அனுப்பி, அழுத்தத்தைக் குறைத்து வீடுகளுக்கு வழங்கியது. 1888 ஜூலையில் ஹரோல்ட் பிறவுண் என்பவர் கொலம்பியாக் கல்லூரியில் நாயொன்றை ஆடலோட்டத்தாற் கொன்று காட்டினார். அவரது பரிசோதனைகளுக்கு எடிசனின் ஆய்வுகூடம் துணைநின்றது. இவ்விவாதம் முழுவதிலும் முன்னிறுத்தப்பட்ட எண் வோல்ற்று ஒன்றே. எத்தனை வோல்ற்று கொல்லும் என்பதே கேள்வியாயிற்று. ஆனால் உடலைத் தாக்குவது அதனூடு பாயும் ஓட்டமாகும். அழுத்தத்தை உடலின் தடையால் வகுக்கக் கிடைப்பதே ஓட்டம். எனவே எத்தகைய உடல், எந்நிலையில் உள்ள உடல் என்ற வினா இன்றி அந்த எண் பொருளற்றது.

உலர்ந்த தோலின் தடை 100,000 ஓம் வரை இருத்தல் கூடும். வியர்வையில் அல்லது நீரில் நனைந்த தோலுடன் அது 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். எடிசனின் 110 வோல்ற்றையே எடுத்துக்கொள்வோம். முதலாவது உடலில் ஏறத்தாழ 1 மில்லியம்பியர் பாயும். அது வெறும் கூச்சவுணர்வு. இரண்டாவதில் 110 மில்லியம்பியர் பாயும். ஆடலோட்டமாயின் இது மரணத்துக்குப் போதுமானது. பிற்காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சாள்ஸ் டல்சியல் நடத்திய பரிசோதனைகளில், பிடித்த கடத்தியைத் தாமாகவே விடக்கூடிய எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லியம்பியர் எனக் காணப்பட்டது. அவ்வெல்லைக்கு மேல் தசைகள் இறுகிக் கை விடமறுக்கும். சுவாசத் தசைகளும் செயலிழக்கத் தொடங்கும். ஏறத்தாழ 100 மில்லியம்பியர் சில விநாடிகள் மார்பினூடு பாயுமாயின், இதயவறைகள் ஒழுங்கிழந்து துடிதுடிக்கும். நார்நடுக்கம் எனப்படும் இந்நிலையிற் குருதி வெளியேற்றம் நின்றுவிடுகிறது. பாடநூல் கூறும் அருவமான உடல் உலர்ந்தது. உழைக்கும் உடலோ வியர்வையில் நனைந்தது. தடை என்ற பௌதிகக் கணியத்தினுள்ளேயே உழைப்பின் நிலைமைகள் உறைந்துள்ளன.

உயரழுத்தத்தில் நிலைமை பண்பளவில் மாறுகிறது. சில நூறு வோல்ற்றுகளைக் கடந்ததும் தோல் துளைபட்டுத் தன் காவல் இயல்பை இழக்கிறது. எஞ்சுவது சில நூறு ஓம் கொண்ட அகத்தடையே. அப்போது பல அம்பியர் ஓட்டம் பாய்ந்து, ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப வெப்பம் பிறக்கிறது. மேற்றோலில் சிறு புண் மட்டும் தெரிய, உள்ளே எலும்பை அடுத்த தசைகள் வெந்துபோதல் உண்டு. சிதைந்த தசையின் மயோகுளோபின் குருதியிற் கலந்து சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யும். வீங்கிய அவயவங்களை வெட்டி அகற்ற நேரும். மாதங்கள் கழிந்து கண்வில்லை மங்குதலும் உண்டு. கம்பியைத் தொடாமலே, இடைவெளியிற் பாயும் மின்வில் ஒருவரை எரித்துவிட முடியும். ஆக, உயரழுத்தத்தின் முன் உடலுக்குத் தற்காப்பு ஏதுமில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேலை செய்தல், கம்பியை நிலத்துடன் தொடுத்தல், போதிய தூரம், போதிய நேரம் ஆகியனவே காப்பு. இவை அனைத்தும் உழைப்பை ஒழுங்கமைப்போரின் கையில் உள்ளவை.

இவ்வுண்மைக்கு ஜோன் பீக்ஸ் என்ற கம்பித் தொழிலாளியின் மரணம் சான்றாகும். 1889 ஒக்ரோபர் 11ஆந் திகதி, மன்ஹற்றனில் ஆபத்தற்றதெனக் கருதப்பட்ட தந்திக் கம்பிகளிடையே அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று வேறோரிடத்தில் உயரழுத்தக் கம்பியுடன் தொடர்புற்றிருந்தது. நண்பகல் வேளையில், திரண்டு நின்ற மக்களின் கண்முன், அவரது எரியும் உடல் கம்பிகளில் நீண்டநேரம் தொங்கியது. கம்பிகளை நிலத்தடியிற் புதைக்கவேண்டும் என்ற சட்டம் 1884இலேயே இயற்றப்பட்டிருந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். மரணத்தின் பின்னரும், கம்பிகளை அகற்ற முனைந்த நகர நிருவாகத்துக்கு எதிராக நிறுவனங்கள் நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றன. டிசம்பரில் அது நீங்கிய பின்னரே கம்பிகள் வெட்டப்பட்டன.

1890 ஓகஸ்ற் 6ஆந் திகதி ஓபர்ண் சிறைச்சாலையில் வில்லியம் கெம்லர் மின்கதிரையிற் கொல்லப்பட்டார். ஆடலோட்டம் கணப்பொழுதிற் கொல்லும் என்ற வாதம் அங்கே பொய்த்தது. ஏறத்தாழ 17 விநாடிகள் ஓட்டம் பாய்ந்தபின் இறந்துவிட்டாரென அறிவிக்கப்பட்டவர் மூச்சுவிடுவது காணப்பட்டு, மீண்டும் மின் செலுத்தப்பட்டது. இப்புதிரின் ஒரு பகுதிக்கு 1899இல் ஜெனீவாவைச் சேர்ந்த பிறெவோ, பற்றெல்லி ஆகியோர் விடை கண்டனர். மெல்லிய ஓட்டம் நார்நடுக்கத்தைத் தோற்றுவிக்க, வலிய ஓட்டம் அதனை நிறுத்திவிடுவதை அவர்கள் விலங்குகளில் அவதானித்தனர். கூடிய வோல்ற்று கூடிய உறுதியுடன் இதயத்தை நிறுத்தும் என்ற எளிய சமன்பாடு இதனால் தகர்ந்தது.

அக்கண்டுபிடிப்பு பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1920களில் கம்பித் தொழிலாளரின் மரணங்கள் மின் நிறுவனங்களுக்கே பிரச்சினையாகியபோதுதான் ஆய்வுக்குப் பணம் கிடைத்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதனை மேற்கொண்டவர்களுள் முதன்மையானவர் மின்பொறியியலாளரான வில்லியம் கௌவன்ஹோவன். நெஞ்சைத் திறவாது இதயத்தை மீட்கும் மின்கருவியும், 1960இல் வெளியிடப்பட்ட நெஞ்சழுத்த முறையும் அவ்வழிவந்தவை. இன்று உலகெங்கும் மாரடைப்பால் வீழ்ந்தோரை மீட்கும் முறைகளின் வேரில் கம்பங்களில் மாண்ட தொழிலாளர் உள்ளனர்.

எனவே, மின்தாக்க மரணத்தைத் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என எழுதி முடிப்பது அறிவியலுக்கும் முரணானதாகும். தோல் தோற்கும் இடத்திலிருந்து பாதுகாப்பு முற்றாகச் சமூகத்தின் பொறுப்பாகிறது. மரணவிசாரணையில் எத்தனை வோல்ற்று என்பதுடன் நாம் நின்றுவிடலாகாது. ஓட்டம் ஏன் நிறுத்தப்படவில்லை, அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பனவும் கேட்கப்படல் வேண்டும்.