இலக்கைச் சொல்வது யார்?

செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை இன்று கேட்காதோர் இல்லை. ஆனால் அதன் பொருள் என்ன? மனிதனைப் போலவே சிந்திக்கும் இயந்திரம் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர்.

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜோன் மெக்கார்த்தி முதலான விஞ்ஞானிகள் கூடி ஆராய்ந்தபோது இத்துறை இப்பெயரைப் பெற்று வளரத் தொடங்கியது. பின்னர் 1995இல் ஸ்டுவர்ட் ரஸல், பீட்டர் நோர்விக் ஆகிய இருவரும் எழுதிய பாடநூல், 'பகுத்தறிவு முகவர்' என்ற கருத்தைக் கொண்டு இத்துறையை விளக்கியது.

முகவர் என்றதும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவரை நினைத்துவிடாதீர்கள்! தன் சூழலை உணர்ந்து, அதில் செயற்படும் எதுவும் இங்கே முகவர்தான். நமக்குக் கண்ணும் காதும். இயந்திரத்துக்குக் கமராவும் உணர்கருவிகளும். அறிந்தவற்றைக் கொண்டு, தனக்கிடப்பட்ட இலக்குக்கு மிகவும் ஏற்ற செயலைத் தெரிவு செய்தால் அது பகுத்தறிவு முகவர். அதற்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வானம் தெளிவாக இருந்ததால் குடையின்றிப் போனவர் நனைந்துவிட்டால், அவரை அறிவற்றவர் என்போமா?

சரி, இலக்கைக் கொடுப்பது யார்? மனிதர்தாம். சிக்கலும் அங்கேதான்.

வீடு கூட்டும் ஓர் இயந்திரத்திடம், "அள்ளும் குப்பையின் அளவுக்கேற்பப் புள்ளி" என்று சொல்லி வைத்தால் என்னவாகும்? அள்ளிய குப்பையை மீண்டும் கொட்டி, மறுபடியும் அள்ளிப் புள்ளி சேர்க்கலாம். நாம் விரும்பியது சுத்தமான வீடு. நாம் சொன்னதோ வேறு.

இது வெறும் கற்பனையல்ல. 2016இல் ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் படகோட்டக் கணினி விளையாட்டொன்றில் ஒரு முகவரைப் பழக்கினார்கள். புள்ளி சேர்ப்பதே அதற்கிட்ட இலக்கு. அது பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஓரிடத்திலேயே வட்டமிட்டு, மற்றப் படகுகளில் மோதி, தீப்பற்றியபடியே மனிதரைவிடக் கூடுதலான புள்ளிகளைப் பெற்றது!

இது நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 2012இல் யூடியூப் நிறுவனம், எந்த வீடியோவைப் பரிந்துரைப்பது என்று தீர்மானிப்பதில், மக்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு முதன்மை கொடுத்தது. பின்னர் வேறு அளவுகோல்களையும் சேர்த்துக் கொண்டது. ஆனாலும் உங்கள் பிள்ளையின் உறக்கமும் படிப்பும் அந்தக் கணக்கில் உண்டா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆகவே ஓர் இயந்திரத்தைக் கண்டால், "இது எவ்வளவு புத்திசாலி?" என்று மட்டும் வியந்து நிற்காதீர்கள். "இதற்கு இடப்பட்ட இலக்கு என்ன? இட்டவர் யார்?" என்றும் கேளுங்கள். இலக்கு தவறானால், இயந்திரத்தின் திறமை கூடக் கூட நமக்குக் கேடும் கூடும்.