மான்ட்ரியலின் பெட்டி வீடுகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பொருட்காட்சிகளில் 'எதிர்கால வீடு' கூட்டத்தை ஈர்த்தது. 1956-இல் லண்டனில் கட்டடக் கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதியர் அப்படி ஒரு மாதிரி வீட்டைக் காட்டினார்கள். மறு ஆண்டு கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் மான்சான்டோ நிறுவனம் பிளாஸ்டிக் வீடு ஒன்றை நிறுவியது. 1967-இல் அதை இடித்துவிட்டார்கள். அதே 1967-இல் எக்ஸ்போ 67 உலகப் பொருட்காட்சிக்காக கனடாவின் மான்ட்ரியலில் எழுந்த ஹாபிடாட் 67 குடியிருப்பில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். முந்தையவை புதிய பொருள்களையும் கருவிகளையும் காட்டின. ஹாபிடாட்டோ, நெரிசலான நகரத்தில் அடுக்குமாடியில் வாழ்பவருக்கும் வெளிச்சம், காற்று, தோட்டம் கிடைக்குமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. அது நிலைத்ததற்கு அந்தக் கேள்வியே காரணம்.

ஹாபிடாட்டை வடிவமைத்த கட்டடக் கலைஞர் மோஷே சஃப்டி மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது எழுதிய ஆய்வேட்டில் முளைத்த யோசனை இது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில், கட்டுமான இடத்திலேயே ஆலை அமைத்துக் கான்கிரீட் பெட்டிகளை வார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11.7 மீட்டர் நீளம், 5.3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். ஃபைபர்கிளாஸ் குளியலறை போன்றவற்றை உள்ளே பொருத்தியபின், கிரேனால் தூக்கி அடுக்கி, விறைப்பாக இழுத்த எஃகு வடங்களால் பிணைத்தார்கள். இப்படி 354 பெட்டிகள் 158 வீடுகளாயின. நேர்க்குத்தாக அடுக்காமல் முன்பின் தள்ளி வைத்ததால், கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டின் தோட்டமானது.

ஆலையில் வார்த்தால் மலிவாகும் என்ற நம்பிக்கை பொய்த்ததே என்று கேட்கலாம். உண்மைதான், செலவு மிகவும் கூடியது. ஆனால் முதல் திட்டம் ஏறத்தாழ ஆயிரம் வீடுகளுக்கானது. அது 158-ஆகச் சுருங்கியதும், ஆலைக்கும் அச்சுகளுக்கும் போட்ட முதல் முழுவதும் சில வீடுகளின் தலையில் விழுந்தது. எண்ணிக்கை மட்டுமே காரணமல்ல: கீழ்ப்பெட்டிகள் மேலுள்ளவற்றின் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பதால், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தவற்றுக்கும் உள்ளே வெவ்வேறு அளவில் கம்பி கட்ட நேர்ந்தது. எனவே உற்பத்தி முறை தேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எளியோருக்கென எண்ணியது வசதியானவர்களின் குடியிருப்பாகிவிட்டது என்பது அடுத்த ஆட்சேபம். அதுவும் சரியே. ஆனால் 1985-இல் அரசு விற்க முன்வந்தபோது வாங்கியவர்கள் அங்கே குடியிருந்தவர்களே. வாழ்ந்து பார்த்தவர்கள் அளித்த சான்று அது. கான்கிரீட் பெட்டியைக் கைவிடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் திறந்த வானம் வேண்டும் என்ற கோட்பாட்டைக் கைவிடக் கூடாது. சென்னையில் அடுக்குமாடி எழுப்புவோரும் மலிவான கட்டுமானத்தில் அதைச் சாதிக்கும் வழியைத் தேட வேண்டும்.