பேரூராட்சியில் சுயேச்சை அங்கத்தினர்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் இடையே, மதுரைச் சாலையில் அமைந்தது வாசுதேவநல்லூர். புலித்தேவரின் நெற்கட்டும்செவல் இதற்கு அணித்தேயுள்ளது. 1759-ஆம் வருஷத்தில் யூசுப்கானின் படை இவ்வூர்க் கோட்டையைத் தாக்கிப் பிடிக்க மாட்டாமல் திரும்பிற்று என்பது சரித்திரம். அந்நியனுக்குக் கப்பம் கட்ட மாட்டோம் என்று நின்ற மண்ணில், சுயேச்சை என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது ஆராய்வது பொருத்தமேயாகும். ஆனால் கப்பம் கட்ட மறுப்பது ஒரு காரியம். சாக்கடை கட்டுவித்து அதற்குக் கணக்குக் காட்டுவது மற்றொரு காரியம். வாசுதேவநல்லூர் இன்று ஒரு பேரூராட்சி. அத்தகைய சபைகளில் எக்கட்சியையும் சாராது அமரும் அங்கத்தினரின் கடமை யாது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் விஷயம்.

இவர்கள் தொகை அற்பமன்று. 2022 பிப்ரவரி 19-ந் தேதி நடைபெற்ற நகர்ப்புறத் தேர்தலில், சுமார் 490 பேரூராட்சிகளைச் சேர்ந்த 7,600 வார்டுகளில் 900-க்கு மேற்பட்டவற்றைச் சுயேச்சைகள் கைப்பற்றினர். மாநகராட்சிகளிலோ, 1,370-க்கு மேற்பட்ட வார்டுகளில் சுயேச்சையாக வென்றவர் நூறு பேர்கூட இல்லை. இதன் தாத்பரியம் எளிது. ஊர் சிறியதாயிருக்குமிடத்து வோட்டர் சின்னத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்க்கிறார். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் யார் வந்து நின்றார் என்பதை அவர் மறப்பதில்லை.

சட்டத்தின் போக்கு இவ்விஷயத்தில் விசித்திரமானது. கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு அங்கத்தினரும் கட்சிச் சின்னமின்றியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பேரூராட்சியின் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்தவுடன் கட்சிச் சின்னங்கள் வந்துவிடுகின்றன. அப்பாலுள்ள கிராமத்துத் தெருவிளக்குக்குக் கட்சி வேண்டாம். இப்பாலுள்ள தெருவிளக்குக்குக் கட்சி வேண்டும் என்பது என்ன நியாயமோ நமக்கு விளங்கவில்லை. 2022 தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் பிப்ரவரி 7. அதன் பின்னரே சுயேச்சைக்குச் சின்னம் கிடைத்தது. பிரசாரமோ 17-ந் தேதியுடன் முடிந்தது. பல ஆண்டுகளாக ஊர்ச் சுவர்களில் பதிந்துபோன சின்னங்களுக்கு எதிரே, பத்தே நாளில் தன் சின்னத்தைக் காட்டி வென்றவரை ஜனங்கள் நம்பினர் என்பதில் ஐயமில்லை.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை எப்பொழுது வருகிறது? ஐந்தாண்டு முடிவிலன்று; மூன்றாம் நாளே வருகிறது. 2011-ல் தலைவரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுத்தனர். 2022-ல் அங்கத்தினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. மார்ச் 2-ந் தேதி பதவிப் பிரமாணம். 4-ந் தேதி தலைவர் தேர்தல். கட்சிகளின் பலம் சமமாக நிற்குமிடத்தில், ஒரு சாதாரணக் கூட்டத்தைக்கூடக் கண்டறியாத சுயேச்சை, தராசின் முள்ளாகிவிடுகிறார். அப்பொழுது அவர் வாசலில் வந்து நிற்கும் வண்டிகளையும், பேசப்படும் பேரங்களையும் நாடறியும். சுயேச்சை என்பது சுய இச்சை அன்று என்பதை உணராதார் அன்றே விலைபோகின்றனர்.

இதைத் தடுக்கச் சட்டமில்லையா என நேயர்கள் கேட்கலாம். 1985-ல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, சுயேச்சையாக வென்ற சட்டசபை அங்கத்தினர் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவியை இழப்பார். ஆனால் அவ்வட்டவணை பார்லிமெண்டுக்கும் சட்டசபைகளுக்கும் மட்டுமே உரியது. ஸ்தல ஸ்தாபனங்களை அது தீண்டவில்லை. நம் அண்டை ராஜ்யமாகிய கேரளம் 1999-ல் தனிச் சட்டமியற்றி, ஸ்தல ஸ்தாபனங்களின் சுயேச்சைகளையும் அதற்குள் கொணர்ந்தது. மலைக்கு அப்புறம் செல்லுபடியாகும் நியாயம் இப்புறம் ஏன் செல்லக்கூடாது?

நிற்க. ஸ்தல ஸ்தாபனங்களில் கட்சியே வேண்டும் என்பாரும் உளர். அவர்கள் வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. கட்சிக்கு ஒரு கொள்கையும், தவறினால் கேட்க ஒரு மேலிடமும் உண்டு. தனியாள் யாருக்குப் பதில் சொல்வார் என்பது அவர்கள் கேள்வி. 1978-ல் அசோக் மேத்தா கமிட்டியும் பஞ்சாயத்துத் தேர்தல்களில் கட்சிகள் வெளிப்படையாக ஈடுபடலாம் என்றே சிபார்சு செய்தது. மறைவில் நின்று ஆட்டுவிக்கும் கட்சியைவிட எதிரில் நிற்கும் கட்சி மேல் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோது, ஜனங்களுக்கு ராஜீயக் கல்வி அளிப்பதே அதன் முதல் நோக்கம் என்றார். மேலிடத்துக் கட்டளைக்குக் கையுயர்த்துவது எவ்விதக் கல்வியாகும்? 1917 முதல் 1919 வரை சேலத்தில் ராஜாஜியும், அதே காலத்தையொட்டி ஈரோட்டில் ஈ. வெ. ராமசாமியும் நகரசபைத் தலைவர்களாயிருந்தனர். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த குழாய்த் தொழிலாளியை அக்கிரகாரத்துக்கு அனுப்பியதற்காக எழுந்த கூச்சலுக்கு முன்னவர் இணங்கவில்லை. பின்னவர் ஈரோட்டுக்குக் குடிதண்ணீர் கொணர்ந்தார். எந்தக் கட்சியின் மேலிடமும் அவர்களை ஏவவில்லை.

அப்படியானால் சுயேச்சை யாருக்குப் பதில் சொல்வார்? தம் வார்டுக்கும், கணக்குப் புத்தகத்துக்கும் என்பதே நமது விடை. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி. பி. 919, 921-ஆம் வருஷங்களுக்குரியவை, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் குடவோலைக்கே தகுதியற்றவராக்குகின்றன. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னரே நம் முன்னோர் அறிந்த விதி இது.

இதை நடைமுறையில் கொள்வதெப்படி? கூட்டத்துக்கு முன் வரும் நிகழ்ச்சி நிரலை அங்கத்தினர் வீட்டிலேயே வரிக்கு வரி படித்து வர வேண்டும். செயல் அலுவலர் வாசிக்க, அனைவரும் தலையசைக்க, சகலமும் ஏகமனதாக நிறைவேறின என்று மினிட்டுப் புத்தகத்தில் எழுதுவது பல சபைகளின் வழக்கம். ஏகமனது என்ற அச்சொல்லே சுயேச்சையின் சத்துரு. தமக்கு உடன்பாடில்லாத தீர்மானத்தில் தமது மறுப்பைக் காரணத்துடன் பதிவு செய்யுமாறு அவர் கோரல் வேண்டும். அதேபோல், எவர் கொண்டுவந்த தீர்மானமாயினும் நன்மையாயின் தயங்காது ஆதரித்தல் வேண்டும். எதற்கும் எதிர்ப்பு என்பது வேறொரு கட்சியேயன்றிச் சுயேச்சையன்று.

காண்டிராக்டு விஷயத்தில் சட்டம் தெளிவாயுள்ளது. சபையின் காண்டிராக்டில் அங்கத்தினருக்கு லாபப் பங்கிருத்தல் கூடாதென்பது 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டத்திலேயே கண்ட விதி. மைத்துனன் பெயரும் மருமகன் பெயரும் அவ்விதியை ஏய்க்கும் வழிகள். பேரூராட்சி அங்கத்தினருக்கு 2023 ஜூலை முதல் அறிவிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய். அதற்கு மேல் லட்சங்களைச் செலவிட்டு வென்றவர் அவற்றை எங்கே தேடுவார் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகையால் சுயேச்சை தேர்தலில் செலவழிக்காத பணமே அவருடைய உண்மையான சுதந்திரம்.

பெண் அங்கத்தினர் விஷயமும் இதிலடங்கும். தமிழ்நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-ல் சட்டமாயிற்று. கட்சியினின்று விடுபட்டு வென்ற அம்மையாரின் நாற்காலிக்குப் பின்னே கணவர் நின்று பேசுவாராயின், அங்கே இழக்கப்படுவதும் சுயேச்சையே.

தனித்து நிற்பவருக்குத் தம் வார்டு வேலைகள் தாமதமாகும் என்பது மெய். இதற்கு மருந்து, தம்மைப்போன்றாருடன் கூடி வேலை செய்தலே. இங்கிலாந்தில் ஃப்ரோம் என்னும் சிற்றூரில் 2011-ல் சுயேச்சைகள் ஓரணியாக நின்று 17 இடங்களில் 10-ஐயும், 2015-ல் பதினேழையுமே கைப்பற்றினர். அவர்களுக்குள் கட்டளை இல்லை. நடந்துகொள்ளும் முறையில் மட்டுமே உடன்பாடு. நம் ஊர்களிலும் இது ஆகாத காரியமன்று.

தேசத்தொண்டில் ஈடுபட்ட நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வோட்டளித்ததுடன் உங்கள் வேலை முடியவில்லை. உங்கள் வார்டு அங்கத்தினர் எக்கூட்டத்துக்குச் சென்றார், எத்தீர்மானத்தில் என்ன சொன்னார், எந்தக் கணக்கைக் கேட்டார் என்று மாதந்தோறும் அவரை விசாரியுங்கள். கேட்பாரற்ற சுயேச்சையைப் பேரம் பேசுவோர் எளிதில் கொண்டுபோவர். ஊரார் கேள்வி கேட்டுக்கொண்டேயிருக்கும் சுயேச்சையை எவரும் விலைக்கு வாங்க முடியாது.