சூரியன் இல்லாத ஊர்... சிலந்தியைக் கொன்றால் மரணம்! - ‘ட்ரௌ’ மக்களின் பாதாள உலகம்

அந்த ஊரில் சூரியன் கிடையாது, நிலா கிடையாது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் பாறைக்கூரை. அப்படியென்றால் பொழுது விடிந்ததா, சாய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர் நடுவே ஒரு பெரிய கல்தூண் நிற்கிறது. பெயர், நார்பாண்டல். தினமும் ஊரின் தலைமை மந்திரவாதி வந்து அதன் அடிப்பகுதியை மந்திரத்தால் சூடேற்றுவார். சூடு மெல்ல மெல்ல மேலேறித் தூண் முழுக்கப் பரவும். பிறகு ஆற ஆரம்பிக்கும். அந்த ஊர்க்காரர்களின் கண்கள் இருட்டிலும் வெப்பத்தைப் பார்க்கக்கூடியவை. எனவே, தூணைப் பார்த்தாலே மணி தெரிந்துவிடும். தூண் முழுவதுமாகக் குளிர்ந்துபோகும் நேரம்தான் நள்ளிரவு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், ‘நார்பாண்டலின் கறுப்பு மரணம்’. மணிக்கூண்டுக்கே இப்படிப் பெயர் வைப்பவர்கள் மற்ற விஷயங்களில் எப்படி இருப்பார்கள்?

இவர்கள்தான் ‘ட்ரௌ’. பூமிக்கடியில் வாழும் கறுப்பு எல்ஃப்கள். ஊரின் பெயர் மென்சோபெரான்சான். வாயில் நுழையவில்லையா? போகப் போகப் பழகிவிடும்! நிஜத்தில் இப்படி ஓர் ஊரும் இல்லை, மக்களும் இல்லை. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டுக்காகக் கற்பனையில் பிறந்தவர்கள் இவர்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் நான்கு சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதே விளையாட்டுதான். 2023-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ வீடியோ கேமிலும் ட்ரௌ மக்கள் வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், மின்தாராவைத் தெரிந்திருக்கும்.

இந்த ஊரின் பழக்கவழக்கங்களை விரிவாக எழுதியவர், அமெரிக்க நாவலாசிரியர் ஆர்.ஏ.சால்வடோர். 1990-ல் வந்த ‘ஹோம்லேண்ட்’ நாவலில் ஒவ்வொரு வழக்கமாக எடுத்து வைக்கிறார். வாசிக்க வாசிக்க முதுகு சில்லிடும்.

முதல் விஷயம், இது பெண்களின் ராஜ்ஜியம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைவி ஒரு தாய். அவர் வைத்ததுதான் சட்டம். பூசாரிகளும் பெண்களே. ஆண்கள் போர் வீரர்களாகலாம், மந்திரவாதிகளாகலாம், அவ்வளவுதான். சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே, ‘தலையைக் குனிந்துகொள், தரையைப் பார், பெண்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்காதே’. மீறினால் அடி. பூசாரிகள் வைத்திருக்கும் சாட்டையின் நுனியில் இருப்பவை தோல்வார்கள் அல்ல, உயிருள்ள பாம்புத் தலைகள்! ‘குனிஞ்ச தலை நிமிராம நட’ என்ற அறிவுரையை எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? ஆளை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

அவர்களின் தெய்வம் லோல்த். சிலந்திகளின் அரசி. ஆகவே அங்கே சிலந்தி புனிதமானது. அதைக் கொன்றால் மரண தண்டனை. நம் வீட்டில் ஒட்டடைக் கம்போடு கிளம்புகிற அம்மாக்கள் யாரும் அங்கே ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. லோல்த் வைக்கும் சோதனையில் தோற்றவர்களை இடுப்புக்குக் கீழே சிலந்தியாக மாற்றி விரட்டிவிடுவார்கள்.

குடும்பங்களுக்கு அங்கே ரேங்க் உண்டு. முதல் எட்டு இடங்களில் இருக்கும் குடும்பத் தலைவிகள் சேர்ந்ததுதான் ஆளும் சபை. ரேங்கில் முன்னேற வேண்டுமென்றால், மேலே இருக்கும் குடும்பத்தை ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட வேண்டும். இது குற்றமில்லையா என்றால், மாட்டினால்தான் குற்றம். அந்தக் குடும்பத்தின் பிரபுக்களில் ஒருவர் பிழைத்து வந்து சபையில் புகார் சொன்னாலும் போதும், தாக்கிய குடும்பத்தை ஊரே சேர்ந்து அழித்துவிடும். யாருமே மிஞ்சவில்லையென்றால், மறுநாள் எதுவுமே நடக்காததுபோல எல்லோரும் நடந்துகொள்வார்கள். அப்படியொரு குடும்பம் இருந்ததாகக்கூட யாரும் பேச மாட்டார்கள்.

பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. இவர்களுக்கு வாய்மொழியோடு கை மொழியும் உண்டு. விரல் அசைவும் முகபாவமும் சேர்ந்து, சத்தமே இல்லாமல் முழு உரையாடலையும் நடத்திவிடும். எதிரொலிக்கிற குகையில், யாரையும் நம்ப முடியாத ஊரில், இது ரொம்ப வசதி.

இருப்பதிலேயே கொடூரமான வழக்கம் இனிமேல்தான். ஒரு வீட்டில் மூன்றாவதாகப் பிறக்கும் மகனை லோல்த்துக்குப் பலி கொடுக்க வேண்டும்.

பத்தாவது ரேங்கில் இருந்த டோ’உர்டன் குடும்பத்தில் அப்படியொரு குழந்தை பிறக்கிறான். பெயர், ட்ரிஸ்ட். அதே இரவில் அந்தக் குடும்பம் நான்காவது ரேங்க் குடும்பத்தின் மீது படையெடுத்திருக்கிறது. சண்டைக்கு நடுவே இரண்டாவது மகன், மூத்தவனைக் கொன்றுவிடுகிறான். எதிரி மேல் பழி போட்டுவிடலாம், தானே மூத்தவனாகிவிடலாம் என்ற கணக்கு. அந்தக் கொலையால் குழந்தை ட்ரிஸ்ட் இரண்டாவது மகனாகிவிடுகிறான். நெஞ்சருகே வந்த கத்தி விலகுகிறது.

அந்தப் பையன் வளர்கிறான். முதன்முதலாகப் பூமிக்கு மேலே ஒரு தாக்குதலுக்கு அவனை அழைத்துப்போகிறார்கள். அங்கே ஓர் எல்ஃப் சிறுமியைக் கொல்ல வேண்டிய முறை அவனுக்கு வருகிறது. அவன் கொல்லவில்லை. கொன்றதுபோல நடித்து, இறந்துகிடந்த தாயின் உடலுக்கு அடியில் அவளை மறைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். ஊருக்குத் தெரியாது. ஆனால், லோல்த்துக்குத் தெரிந்துவிடுகிறது. தெய்வத்தின் கோபம் தணிய அவனையே பலி கேட்கிறாள் தாய். அப்போது அவன் இடத்தில் தானே பலியாக முன்வருகிறார், அவனுக்கு வாள்வித்தை கற்றுக்கொடுத்த தந்தை ஸாக்நஃபைன். அந்த வீட்டில் அன்புக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான். விஷயம் தெரிந்ததும் ட்ரிஸ்ட் ஊரை விட்டே போய்விடுகிறான்.

நாவலின் சுவாரஸ்யத்தைத் தாண்டி இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. இவர்கள் ஏன் கறுப்பு?

ஆழ்குகைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் நிஜ உயிரினங்கள் நிறத்தை இழந்து வெளுத்துப்போகும். ஸ்லோவேனியா நாட்டின் போஸ்டோய்னா குகையில் ‘ஓல்ம்’ என்றொரு பிராணி இருக்கிறது. வெளிறிய தோல், பார்வையற்ற கண்கள். இருட்டு உயிர்களை வெளுக்க வைக்கும் என்பதற்கு நல்ல சாட்சி. அறிவியல்படி பார்த்தால் ட்ரௌக்கள் வெள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். விளையாட்டுக்காரர்களோ ஒரு புராணத்தை எழுதிவைத்தார்கள். லோல்த் மற்ற எல்ஃப் தெய்வங்களுக்குத் துரோகம் செய்தாள். அவள் பக்கம் நின்ற மக்களைத் தெய்வங்கள் சபித்துப் பூமிக்கடியில் தள்ளின. அந்தச் சாபத்தின் அடையாளம்தான் கறுத்த தோல். அதாவது, கறுப்பு ஒரு தண்டனை.

இது முழுக்க அவர்கள் சொந்தச் சரக்கும் இல்லை. 13-ம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்னோரி ஸ்டர்லூசன் எழுதிய ‘எட்டா’ நூலிலேயே இரண்டு வகை எல்ஃப்கள் உண்டு. மேலே வாழ்பவர்கள் சூரியனைவிட அழகு, பூமிக்கடியில் வாழ்பவர்கள் தாரைவிடக் கறுப்பு. ‘ட்ரௌ’ என்ற பெயர் ஸ்காட்லாந்துப் பக்கத்து நாட்டார் கதைகளிலிருந்து வந்தது. அங்கே ஷெட்லாண்ட் தீவுகளில் மண்மேடுகளுக்குள் வாழும் குட்டி மனிதர்களை ‘ட்ரோ’ என்பார்கள். அவர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை, பாட்டுப் பைத்தியங்கள். ஃபிடில் வாசிப்பவரைப் பிடித்துப்போய் ஒரே ஒரு ராத்திரி வாசிக்கவைப்பார்கள். அவர் வெளியே வந்து பார்த்தால் பல வருடங்கள் ஓடியிருக்கும்! இந்தப் பெயரையும் அந்தக் கறுப்பையும் ஒன்றாக்கி, 1977-ல் தன் விளையாட்டுப் புத்தகத்தில் சில வரிகளில் அறிமுகம் செய்தார் கேரி கைகாக்ஸ். மறுவருடமே அவர்கள் வில்லன்களாக முழு வடிவம் எடுத்துவிட்டார்கள்.

கறுப்பாக இருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள், எனவே கெட்டவர்கள். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியதில் யாருக்கும் பல வருடங்கள் உறுத்தல் இல்லை. ‘கறுப்பே அழகு’ என்று வாயாரச் சொல்லிக்கொண்டே சிவப்பழகு க்ரீம் வாங்கிய நாமும் அவர்களைக் கேலி செய்துவிட முடியாது.

2020-ல் அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கிய நேரத்தில், விளையாட்டை வெளியிடும் ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டது. ட்ரௌக்களையும் ஓர்க்குகளையும் பிறவியிலேயே கெட்டவர்களாகக் காட்டியது, நிஜ உலகில் சில இனங்களை இழிவுபடுத்திய விதத்தை நினைவூட்டுகிறது என்றது. அடுத்த வருடமே சால்வடோரின் ‘ஸ்டார்லைட் என்கிளேவ்’ நாவல் வந்தது. அதில், தூர வடக்கில் பனிக்கு நடுவே லோல்த்தை வணங்காத ட்ரௌக்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். தோல் அதே தோல், சாமியும் சட்டமும்தான் வேறு.

‘இது கட்டாயத்துக்காகச் செய்த ஒட்டுவேலை’ என்று பழைய ரசிகர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால், சால்வடோர் இந்த வேலையை 1980-களிலேயே ஆரம்பித்துவிட்டார், அதுவும் யோசிக்காமலே! ‘நாயகனுக்குத் துணையாக யார் வரப்போகிறார்?’ என்று பதிப்பாசிரியர் போனில் கேட்க, அந்தக் கணத்தில் வாயில் வந்ததைச் சொன்னாராம்... ஒரு ட்ரௌ. அப்படிப் பிறந்த துணைப் பாத்திரம்தான் ட்ரிஸ்ட். கடைசியில் கதாநாயகனே அவன்தான் என்றாகிவிட்டது.

ஊரை விட்டு வெளியேறிய ட்ரிஸ்ட், கடைசியில் பூமிக்கு மேலே வந்து சேர்கிறான். சூரிய வெளிச்சம் அவன் கண்களைச் சுடுகிறது. பாதாளத்திலிருந்து அணிந்துவந்த மாய அங்கியும் பூட்ஸும் வெயில் பட்டுப் பட்டு நைந்துபோகின்றன. ஆனாலும், விடியற்காலையில் கிழக்கு பார்த்து உட்கார்ந்துகொள்கிறான். கண்ணில் நீர் வழிய வழிய, சூரியன் வருவதைப் பார்க்கப் பழகுகிறான்.